கோத்தகிரி ஞாயிறு நடை: பார்த்தது செந்தலைப் பாறா, கருங்கழுகா?

புதுத்தொலைநோக்கி | ஞாயிறு, இரவு 8.40

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக இன்று காலை லாங்வுட் சோலையைச் சுற்றி நடந்தோம். பதினோரு பேர், அதில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள். நான் குழுவுக்குப் புதுசு. பைனாகுலர் வாங்கியே நாலு மாதம்தான் ஆகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

சோலைக்குள் வழக்கமான கச்சேரிதான். சிரிப்பான்கள் கத்திக்கொண்டே இருந்தன, நீலகிரிக் காட்டுப்புறா இரண்டு, ஈப்பிடிப்பான் மூன்று வகை. பத்து மணிக்கு மேல் வெளியே வந்து தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். 10.20 இருக்கும். சோலைக்குத் தெற்கே இருந்து ஒரு பெரிய கறுப்புப் பறவை மேலே ஏறி வந்தது. எங்கள் தலைக்கு மேல் மூன்று நாலு வட்டம் போட்டது. ஒரு காக்கை விடாமல் துரத்தியது. அப்புறம் வடக்கே திரும்பி, சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் கோடநாட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மொத்தம் இரண்டு நிமிடம்.

நான் பார்த்தது இது: வால் வெட்டிவிட்ட மாதிரி குட்டை. கால் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்ததுபோல வெள்ளை. தலை செங்கல் நிறம். "பாறு மாதிரி இருக்கே" என்றேன், பிணந்தின்னிக் கழுகைத்தான் சொல்கிறேன். நடையை நடத்திய அண்ணா "கருங்கழுகும்மா, இங்கே தினம் வரும்" என்றார். பட்டியலிலும் அப்படியே எழுதிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபின் மனசு ஒப்பவில்லை. மூன்றே படம்தான். முதலாவது, அடியிலிருந்து எடுத்தது, முழுக் கறுப்பு. இரண்டாவது, சாய்ந்து திரும்பும்போது, கூடவே காக்கையும் இருக்கிறது. மூன்றாவதில் பறவையைவிட சில்வர் ஓக் மரம்தான் அதிகம். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஊட்டிவர்க்கி | ஞாயிறு, இரவு 8.52

முதல் வேலையாக இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கோத்தகிரியில் பாறைப் பார்த்தார்களாம்" என்று. மாமா உடனே "டால்பின் நோஸ் பாறை குன்னூர்லடா இருக்கு" என்கிறார்.

படம் பற்றி: மூன்றாவது சில்வர் ஓக் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

---

சோலைமணி | ஞாயிறு, இரவு 9.25

அந்த நடையை நடத்தியவன் நான்தான், அதனால் நானே பேசிவிடுகிறேன். தங்கச்சி கேட்டதில் தப்பில்லை. அங்கேயே கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

லாங்வுட்டில் இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறேன். கருங்கழுகு ஜோடியை மாதத்தில் நாலு தடவையாவது பார்ப்பேன். இத்தனை வருஷத்தில் சோலைக்கு மேலே ஒரு பாறுகூட நான் பார்த்ததில்லை. கறுப்பு, பெரிசு, சிறகை லேசாக மேலே தூக்கி வைத்திருப்பது, நுனியில் விரல் விரித்த மாதிரி இறகுகள், எதற்கும் அவசரமில்லாத பறத்தல். இதெல்லாம் கருங்கழுகின் லட்சணம்.

காக்கை துரத்தியது என்கிறாய். கருங்கழுகு மரத்தலையை உரசியபடி மெதுவாகப் போய்க் கூடு தேடும். முட்டை, குஞ்சு, எது இருந்தாலும் விடாது. சில சமயம் கூட்டையே காலில் பற்றிக்கொண்டு போய்விடும். காக்கைக்கு அதன்மேல் கொலைவெறி வருவது நியாயம். செத்ததைத் தின்னும் பாறுவோடு காக்கைக்கு என்ன சண்டை?

சிவப்புத் தலை விஷயம். அந்த நேரத்தில் வெயில் நேரே முகத்தில் அடித்தது. நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதிர்வெயிலில் எந்தப் பறவையும் கறுப்பு அட்டையில் வெட்டின மாதிரிதான் தெரியும். அதில் செங்கல் நிறம் தெரிந்ததென்றால் அதை மனசுதான் பூசியிருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படிப் பல நிறங்கள் தெரிந்திருக்கின்றன.

வெள்ளைக்கும் பதில் உண்டு. இளம் கருங்கழுகுக்கு அடிப்பக்கம் வெளிறித்தான் இருக்கும்.

---

சீகூர்க்காரன் | ஞாயிறு, இரவு 10.05

சோலைமணி அண்ணா மேல் மரியாதை உண்டு. ஆனால் பாறுகளைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லலாம். மசினகுடியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா எழுபது மாடு வைத்திருந்தார். மாடு செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவோம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எலும்புதான் இருக்கும். ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டியிருக்கும். அது கல்யாண வீட்டுக்கு வருவதுபோல கூட்டமாக வரும், அடித்துக்கொள்ளும். செந்தலை அப்படி இல்லை. தனியாகவோ ஜோடியாகவோ வரும், ஒதுங்கி நிற்கும். அதனால்தான் அதை ராஜா என்பார்கள்.

இனி படம். கருங்கழுகின் சிறகு உடம்போடு சேரும் இடத்தில் ஒடுங்கியிருக்கும், வெளியே போகப் போக அகலும். தோசைத் திருப்பி மாதிரி. பாறுவின் சிறகு அடியிலிருந்து நுனிவரை பலகை. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்குத் தெரிவது பலகை.

வால்: கருங்கழுகுக்கு நீளமான வால். இதில் வாலே இல்லாத மாதிரி இருக்கிறது, நடுவில் சின்ன ஆப்பு.

அப்புறம், காக்கை பாறுகளைத் துரத்தாது என்று எந்தக் காக்கை உங்களிடம் சொன்னது அண்ணா? செத்த மாட்டுக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

சிறகைத் தூக்கிப் பிடிப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செந்தலையும் அப்படித்தான் பிடிக்கும்.

---

பட்டியல்பாண்டி | ஞாயிறு, இரவு 10.48

கோவையிலிருந்து. வழக்கம்போல நான்தான் கெட்டவன்.

2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் கிடைத்த பாறுகள் மொத்தம் 246. அதில் 183 வெண்முதுகு. செந்தலை வெறும் 28. மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து இருபத்தெட்டு! உலக அளவில் 2007 முதல் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனமாகப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்று, வாராவாரம் கருங்கழுகு பறக்கிற இடத்தில், டீ குடிக்கிற நேரத்தில் வந்தது என்கிறோம். வரவே வராது என்று சொல்லவில்லை. வந்தது என்று எழுத இந்த மூன்று படம் போதாது என்கிறேன்.

முதல் படத்தில் பறவை ஏறக்குறைய நம்மை நோக்கி வருகிறது. அந்தக் கோணத்தில் எந்த வாலும் குட்டையாகத்தான் தெரியும். சிறகும் அப்படித்தான், ஒடுக்கம் மறைந்துவிடும். பலகையும் தோசைத் திருப்பியும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுதான்.

ஒரு அளவு எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் படத்தில் காக்கையின் சிறககலத்தைப்போல இரண்டேகால் மடங்கு வருகிறது பறவை. காக்கை சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இது இரண்டேகால் மீட்டர். கருங்கழுகு அதிகபட்சம் 1.8, செந்தலை 2 முதல் 2.6 வரை. கணக்கு பாறுக்குச் சாதகமாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் காக்கை சிறகை மடக்கி அடிக்கிற நொடியில் எடுத்த படம் இது. அரை மீட்டர் பிசகலாம். அதனால் இந்த அளவை நானே குப்பையில் போடுகிறேன்.

---

சீகூர்க்காரன் | ஞாயிறு, இரவு 11.10

நீங்களே அளந்து நீங்களே குப்பையில் போடுகிறீர்கள். பாறு பக்கம் வந்ததால்தானே?

---

பட்டியல்பாண்டி | ஞாயிறு, இரவு 11.14

கருங்கழுகு பக்கம் வந்திருந்தாலும் போட்டிருப்பேன். பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள், என் சொந்தப் பதிவுகள் எத்தனையைக் குப்பையில் போட்டிருக்கிறேன் என்று.

---

குளிர்தேசம் | திங்கள், காலை 6.30

கரும்பாறுவாக இருக்கலாமே? வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் பெரிய கறுப்புப் பாறு. பாண்டி சொன்ன அதே 2023 கணக்கில் ஒன்று இருந்தது.

---

சீகூர்க்காரன் | திங்கள், காலை 7.02

அதற்குத் தொடையில் வெள்ளை கிடையாது. வெள்ளையே இல்லை என்பவர்கள் வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

---

புதுத்தொலைநோக்கி | திங்கள், காலை 7.40

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன்.

சோலைமணி அண்ணா, வெயில் முகத்தில் அடித்தது உண்மை. ஆனால் அது பறவை வந்தபோது. திரும்பி வடக்கே போனபோது நான் எழுந்து திரும்பி நின்றேன், முதுகில் சுட்டது. சிவப்பை நான் பார்த்தது அப்போதுதான். மனசு பூசியது என்று நீங்கள் சொன்னதிலிருந்து நானே யோசிக்கிறேன், ஒருவேளை அப்படித்தானோ என்று. ஆனால் ஒன்று. எனக்குப் பாறு பார்க்க வேண்டும் என்ற ஆசையே அன்று இல்லை. செந்தலைப் பாறு என்று ஒன்று இருப்பதே வீட்டில் வந்து புத்தகத்தைப் புரட்டியபின்தான் தெரியும். தெரியாத நிறத்தை மனசு எங்கிருந்து எடுத்துப் பூசும்?

---

குன்னூர்ஸ்டூடியோ | திங்கள், மதியம் 1.15

நான் கல்யாண போட்டோகிராபர். எனக்குப் பறவை தெரியாது, காக்கையும் மயிலும்தான் தெரியும். வெளிச்சம் தெரியும். அதனால் அதை மட்டும் பேசுகிறேன். படங்களின் அசல் கோப்பை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன்.

முதல் படம் 10.21.07. சூரியன் லென்ஸுக்கு எதிரே. வானம் வெளுத்துக் கிடக்கிறது, படத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. சோலைமணி சார் சொன்னது இதற்கு நூறு சதவீதம் சரி. இதில் நிறம் தேடுவது வீண்.

இரண்டாவது 10.22.31. ஒன்றரை நிமிடம் கழித்து. வானம் கருநீலம். காக்கை முதுகைக் காட்டித் திரும்புகிறது, அந்த முதுகு எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கிறது. வெயில் படம் எடுத்தவர் முதுகுப் பக்கமிருந்து வந்தால்தான் அப்படி வரும். மூன்றாவது படத்தில் சில்வர் ஓக் மரத்தின் நம் பக்கத்துப் பட்டையில் வெயில் விழுந்திருக்கிறது பாருங்கள். அதே திசை, ஆறு நொடி இடைவெளி.

ஆக அந்த வெள்ளைத் திட்டு எதிர்வெளிச்சம் ஊடுருவியதால் வந்தது அல்ல. ஊடுருவியிருந்தால் சிறகின் ஓரமும் வெளிறியிருக்கும். ஓரம் கறுப்பாகவே இருக்கிறது. திட்டு இரண்டு, இரண்டும் ஒரே அளவு, விளிம்பு கொஞ்சம் மங்கல். மணப்பெண் தலையில் மல்லிகைப்பூ வெளிச்சம் கூடிப் படத்தில் வெளுத்துப்போகிற மாதிரி வெளுத்திருக்கிறது. அதாவது அது வெளிர் பழுப்பு இல்லை, சுத்த வெள்ளை.

தலை இருக்கும் இடத்தில் எட்டுப் பத்துப் புள்ளிகள்தான் இருக்கின்றன. அதில் மூன்றில் சிவப்பு கூடுதல். அதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

---

ஊட்டிவர்க்கி | திங்கள், மதியம் 1.22

தங்கச்சி கல்யாணத்துக்கு போட்டோகிராபர் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டார்.

---

பட்டியல்பாண்டி | திங்கள், மதியம் 2.40

ஸ்டூடியோக்காரர் சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பதிவு. வெயில் விஷயத்தில் என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். இளம் கருங்கழுகின் வெளிறல் மார்பு, வயிறு எங்கும் கோடுகோடாகப் பரவியிருக்கும், இப்படி இரண்டே உருண்டையாக நிற்காது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மார்பின் இரு பக்கமும் செந்தலைக்கு வெள்ளை இருக்க வேண்டும். சிறகின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு வெளிர்ச் சாம்பல் கோடு ஓட வேண்டும். இரண்டும் படத்தில் இல்லை. தெரியாத கோணமா, இல்லவே இல்லையா?

---

சோலைமணி | திங்கள், இரவு 8.15

மதியத்திலிருந்து இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். "10.21 கருங்கழுகு 1" என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து நேராக இருக்கிறது. நடந்துகொண்டோ நின்றுகொண்டோ எழுதினால் என் எழுத்து கோணும். உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுதியிருக்கிறேன்.

அதாவது பறவை வந்த முதல் வட்டத்திலேயே பெயரை முடிவு செய்துவிட்டு, அதை எழுதக் குனிந்துவிட்டேன். எழுதி முடித்ததும் அந்த ஏழாம் வகுப்புப் பையன் "அங்கிள், மணி எத்தனைன்னு போடணும்" என்று கேட்டான், அவன் அட்டவணையைச் சரிபார்த்தேன். நிமிர்ந்தபோது அது மரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் படத்தில் இருக்கும் பறவையை நான் பார்க்கவே இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள் என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். அவர்கள் பறவையைப் பார்த்து ஆட்டவில்லை, என்னைப் பார்த்து ஆட்டினார்கள்.

இதனால் அது பாறு ஆகிவிடாது. முதல் வட்டத்தில் நான் பார்த்தது கருங்கழுகு என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. என் பட்டியலில் அதை "இனம் தெரியாத கொன்றுண்ணி" என்று மாற்றியிருக்கிறேன். ஈபேர்டில் (பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளம்) பகிர்ந்த பட்டியல் என்பதால் அவரவர் பிரதியை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். நீ உன்னுடையதில் என்ன போட வேண்டுமோ போடும்மா, என்னைக் கேட்க வேண்டாம்.

---

பச்சைத்தேயிலை | திங்கள், இரவு 9.30

இந்த இழையைத் தோட்டத்து ஆள் ஒருவர் காட்டினார். இரண்டு நாளாக இதில் யாரும் கேட்காத கேள்வி: பாறு என்றால் எதற்கு வந்தது?

எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் காட்டெருமை ஒன்று வியாழக்கிழமை விழுந்து செத்துப்போனது. வழுக்கு, ராத்திரி, கிழட்டு மாடு. பார்த்தது வெள்ளி மதியம். மருத்துவர் வந்து பரிசோதனை முடித்து சனிக்கிழமை மாலைதான் குழி தோண்டி மூடினார்கள். இரண்டு நாள் திறந்தே கிடந்தது. நாற்றம் தொழிலாளர் வரிசை வீடுகள் வரை வந்தது. லாங்வுட்டுக்குத் தெற்கே அதிக தூரம் இல்லை. எந்தப் பள்ளம் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஞாயிறு காலை பறவை வந்த திசை தெற்கு என்று முதல் பதிவில் இருக்கிறது.

---

பட்டியல்பாண்டி | திங்கள், இரவு 9.41

மூடியது சனி, பறவை ஞாயிறு. மூடிய மாட்டைத் தேடியா வரும்? பாறுகள் கண்ணால் தேடுகிறவை, மோப்பம் பிடித்து வருவதில்லை.

---

சீகூர்க்காரன் | திங்கள், இரவு 10.20

முந்தின நாள் தின்ற இடத்தைப் பார்க்க மறுநாள் வராதா? சனிக்கிழமையே வந்து தின்றிருக்கலாம், யார் அண்ணாந்து பார்த்தார்கள்? ஒரு தடவை இரை கிடைத்த இடத்தை அது சும்மா விடாது.

தூரமும் பெரிய விஷயம் இல்லை. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே தெரிவது மாயாறும் தெங்குமரஹாடாவும். கோத்தகிரியிலிருந்து ரோட்டில் 18 கிலோமீட்டர், நேராகப் பறந்தால் இன்னும் குறைவு. ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் சுற்றுகிற பறவைக்கு அது வாசலுக்கும் திண்ணைக்கும் உள்ள தூரம். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றில் ஏறினால் கோத்தகிரியின் 1,800 மீட்டர் உயரம் தானாக வந்துவிடும். பத்தேகால் மணி என்பதும் பொருந்துகிறது. காலை ஆறரைக்குப் பாறு பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

இனி எனக்கு உறுத்துவதைச் சொல்கிறேன். கீழே எங்கள் பக்கம் மாட்டு ஊசி பற்றி வருஷக்கணக்காகப் பேசியாகிவிட்டது. டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து போட்ட மாடு செத்து அதைத் தின்றால் பாறுகளின் சிறுநீரகம் போய்விடும் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடைக்குத் தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்று 2015இல் குப்பியையே 3 மில்லி என்று சுருக்கினார்கள். அதே மாதிரிக் கெடுதலான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளுக்குத் தடை 2023இல்தான் வந்தது. அவற்றுக்குப் பதில் மெலாக்சிகாம் போட்டால் பாறுகளுக்குக் கெடுதல் இல்லை என்பது எங்கள் ஊர் மாட்டுக்காரனுக்கும் இப்போது தெரியும். மேலே? கோத்தகிரி, கேத்தி, எமரால்டு மாட்டுக்காரர்களிடம் இதை யார் பேசுகிறார்கள்? பாறுதான் இங்கே வராதே என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

---

பட்டியல்பாண்டி | திங்கள், இரவு 10.52

ஒரு மங்கல் படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் போடலாம் என்கிறீர்களா? நாளைக்கே யாராவது "கோத்தகிரியில் பாறு திரும்பியது" என்று செய்தி போடுவார்கள். அடுத்த வாரம் அது கருங்கழுகு என்று தெளிவாகும். அதற்கப்புறம் நீங்கள் ஊசி பற்றிச் சொன்னால் எவன் கேட்பான்? தப்பான ஒரு புள்ளி வரைபடத்தில் ஏறினால் அழிக்கப் பத்து வருஷம் ஆகும். இதைப் பார்த்துப் பார்த்து நொந்துதான் நான் கெட்டவன் ஆனேன்.

---

பச்சைத்தேயிலை | திங்கள், இரவு 11.05

ஊசி விஷயத்துக்குப் படம் எதற்கு? பாறு வந்தாலும் வராவிட்டாலும் அது சரியான பேச்சுதானே.

எனக்குப் பயம் ஊசி இல்லை, விஷம். 2023 செப்டம்பரில் எமரால்டு பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலி செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால் ஆத்திரத்தில் மிச்சத்தில் மருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். நஷ்டஈடு வரும்வரை பொறுமை இல்லை, வருமா என்ற நம்பிக்கையும் இல்லை. அந்த மாட்டில் பாறு இறங்கினால் ஒன்றோடு நிற்காது.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8.00

இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும். பள்ளம் எங்கே என்று கேட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தனிமடலிலும் கேட்க வேண்டாம்.

---

எருவை | செவ்வாய், காலை 9.20

என் புனைபெயரைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்பார்கள், மாட்டுச் சாணியா என்று. எருவை என்பது பழந்தமிழில் பாறுக் கழுகுக்குப் பெயர். செத்ததைத் தின்னும் பறவைக்கு நம்மிடம் அவ்வளவு பழைய சொல் இருக்கிறது. இன்று "பிணந்தின்னி" என்று வைவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். இழைக்குச் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும்.

---

புதுத்தொலைநோக்கி | செவ்வாய், இரவு 8.30

என் பிரதியை மாற்றிவிட்டேன். செந்தலைப் பாறு, 1. குறிப்பில் எழுதியது: எதிர்வெயிலில் ஒன்றரை நிமிடம், முதுகுவெயிலில் அரை நிமிடம், தொடையில் வெள்ளை இரண்டு, படத்தில் உள்ளது, தலை சிவப்பு, பார்த்தேன், படத்தில் நிரூபிக்க முடியாது, மார்பு வெள்ளையும் சிறகுக் கோடும் பார்க்கவில்லை, பார்த்தவருக்கு நாலு மாத அனுபவம், நடையின் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று படமும் சேர்த்திருக்கிறேன், சில்வர் ஓக் உட்பட.

அரை மணி நேரத்தில் ஈபேர்டிலிருந்து எச்சரிக்கை வந்தது. சரிபார்ப்பவர் கேள்வி கேட்பார் போலிருக்கிறது. கேட்கட்டும்.

பாண்டி அண்ணா, மார்பு வெள்ளை பற்றி நீங்கள் கேட்டதுக்கு நேர்மையான பதில்: எனக்குத் தெரியவில்லை. நான் வாலையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

பட்டியல்பாண்டி | செவ்வாய், இரவு 9.02

சரிபார்ப்பவர் நானாக இருந்தால் நிராகரிப்பேன். ஆனால் இருபது வருஷம் பார்க்கிறவர்கள்கூட இப்படிக் குறிப்பு எழுதுவதில்லை. "தெளிவாகப் பார்த்தேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

---

சீகூர்க்காரன் | செவ்வாய், இரவு 9.10

நிராகரிக்கிறேன் என்பதையே பாண்டி பாராட்டு மாதிரிச் சொல்கிறார், கவனித்தீர்களா.

---

சோலைமணி | செவ்வாய், இரவு 9.45

எனக்கு அது இன்னும் கருங்கழுகுதான், அதில் மாற்றமில்லை. ஞாயிறு லாங்வுட் வேண்டாம், கோடநாடு போகலாம். காட்சிமுனையில் ஒன்பதரை முதல் மதியம் வரை உட்காருவோம். கீழிருந்து ஏறி வருகிறதா, வந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்போம். நோட்டு நான் எழுத மாட்டேன், அந்தப் பையன் எழுதட்டும். சீகூர்த் தம்பியும் மேலே வரட்டும், பலகை எது தோசைத் திருப்பி எது என்று நேரில் காட்டட்டும். ஸ்டூடியோக்காரரின் பெரிய லென்ஸுக்கு ஞாயிறு முகூர்த்தம் இல்லையென்றால் அவரும்.

---

குன்னூர்ஸ்டூடியோ | செவ்வாய், இரவு 10.00

தை மாசம் சார். மூன்று கல்யாணம். லென்ஸை மட்டும் கொடுத்து அனுப்புகிறேன், யாராவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஊட்டிவர்க்கி | செவ்வாய், இரவு 10.08

ஊட்டியிலிருந்து வர வேண்டும். ஞாயிறு காலை கோடநாட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு? ஒரு கிலோ வர்க்கி கொண்டுவருகிறேன்.

---

சோலைமணி | செவ்வாய், இரவு 10.15

பஸ்ஸை நம்பாதே. ஏழரைக்குக் கட்டபெட்டில் இறங்கி நில், ஜீப்பில் ஏற்றிக்கொள்கிறேன்.